மண்ணின் கிருமி குடலிற் குடியேறும் வகை: ஆய்வுக்கூட விலங்குகள் உணர்த்தும் பாடங்கள்

நெற்செய்கையாளருக்கும் மரக்கறிச் செய்கையாளருக்குமான துண்டுப்பிரசுரம்

ஐப்பசி மழை தொடங்கியதும் மானிப்பாய், சண்டிலிப்பாய், நவாலி ஆகிய ஊர்களில் வயல் வேலையும் தோட்ட வேலையும் மும்முரமடைகின்றன. வழுக்கையாற்றை அடுத்த வயல்களில் நீர் தேங்குகிறது. தோட்டத் தரைகளில் மிளகாய், கத்தரி, தக்காளி முதலியவற்றிற்குப் பாத்திகள் அமைக்கப்படுகின்றன. இக்காலத்திற் கமக்காரரின் கையிலும் காலிலும் சேறு படியாத நாளில்லை. தாகமெடுத்தால் அவர் தோட்டக் கிணற்று நீரை அள்ளிப் பருகுகின்றார். மத்தியானம் வரம்பில் அமர்ந்து, கையை வாய்க்கால் நீரில் நனைத்துவிட்டுச் சோற்றுப் பொதியை அவிழ்க்கின்றார். இவ்வாறு அவர் அறியாமலே சிறிதளவு மண்ணும், அம்மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் நாள்தோறும் அவர் வயிற்றைச் சென்றடைகின்றன.

வயிற்றுக்குட் சென்ற இந்நுண்ணுயிர்கள் என்னாகின்றன? இவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. பல பயிருக்கு நன்மை செய்பவை. உணவோடு உட்புகுந்தவை உணவோடு வெளியேறிவிடுகின்றன. ஆயினும் சில கிருமிகள் குடலிலே தங்கிக் குடியேற வல்லவை. அவ்வாறு குடியேறிய கிருமி நெடுநாள் அடையாளமின்றி இருந்து, உடல் தளர்ந்த வேளையிற் கொடிய நோயை விளைவிக்கக்கூடும். இதனை மனிதரிடத்து நேரிற் சோதித்தறிய இயலாது. ஆதலின் விஞ்ஞானிகள் சுண்டெலி, கினியாப் பன்றி, புழு முதலிய உயிர்களைக் கொண்டு ஆராய்ந்துள்ளனர். அவ்வாய்வுகள் கண்ட முடிபுகளையும், அவற்றாற் கமக்காரர் பெறத்தக்க பயனையும் இப்பிரசுரம் எடுத்துரைக்கிறது.

மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்த பெருமை மானிப்பாய்க்கு உரியது. 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், இவ்வூரிலிருந்து தமிழ் மாணவருக்கு வைத்தியம் கற்பித்ததோடு, மருத்துவ நூல்களைத் தமிழிலும் ஆக்கினார். நோயின் காரணத்தை மக்கள் தம் தாய்மொழியில் அறிந்தாலன்றி நோய் தணியாது என்பது அவர் பணியால் விளங்கிய உண்மையாகும்.

மண்ணில் வாழும் ஒரு கொடிய கிருமி

மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்ந்து மனிதருக்கு நோய் தரும் பற்றீரியாக்களுள், நெல் விளையும் வெப்ப நாடுகளுக்கு முக்கியமானது பேர்க்கோல்டேரியா சூடோமாலியை என்பதாகும். இது விளைவிக்கும் நோய் மெலியோயிடோசிஸ் எனப்படும். இதற்கு வழக்கிலுள்ள தமிழ்ப்பெயர் ஒன்றில்லை. இப்பிரசுரத்தில் இதனை மண்கிருமி நோய் என்று குறிப்பிடுவோம்.

இந்நோயை முதன்முதல் இனங்கண்டவர்கள் பர்மாவின் இரங்கூன் நகரிற் பணியாற்றிய அல்பிரட் விற்மோர் என்பவரும், அவரின் உதவியாளரான சி. எஸ். கிருஷ்ணசாமி என்பவரும் ஆவர். இறந்தோரின் உடல்களைச் சோதித்த இவர்கள், நுரையீரலிலும் ஈரலிலும் சீழ்க்கட்டிகளைக் கண்டு, அவற்றிலிருந்து இக்கிருமியைப் பிரித்தெடுத்தனர். அவர்களின் அறிக்கை 1912 ஆம் ஆண்டு வெளியாயிற்று. இலங்கையில் முதல் நோயாளி பற்றிய செய்தி 1927 ஆம் ஆண்டிலேயே பதிவாகியுள்ளது. அதன் பின் நெடுங்காலம் இந்நோய் இங்கு அரிதென்றே கருதப்பட்டது. 2006 ஆம் ஆண்டு தொடக்கம் ஆய்வுகூட வைத்தியர்கள் முறையாகத் தேடத் தொடங்கியதும், 2017 ஆம் ஆண்டுக்கிடையில் 200 இற்கும் மேற்பட்ட நோயாளர் நாட்டின் பல பகுதிகளிலும் கண்டறியப்பட்டனர். நோய் இல்லாதிருக்கவில்லை, தேடுவாரின்றி மறைந்திருந்தது.

இந்நோய் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலுமாக வரும். இன்னொருவருக்கு ஆறாத புண்ணாக வரும். வேறொருவருக்கு ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டியாக வரும். கசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் அதற்கே சிகிச்சை பெற்றோரும் உளர். நீரிழிவு நோயாளரையும், சிறுநீரக நோய் உள்ளவரையும், மதுவை மிகுதியாக அருந்துவோரையும் இது எளிதிற் பற்றுகிறது. உலகம் முழுவதிலும் ஆண்டொன்றில் ஏறத்தாழ 1,65,000 பேரை இந்நோய் தாக்குகிறதெனவும், அவருள் 89,000 பேர் இறக்கின்றனரெனவும் 2016 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது.

கிருமி உடலுட் புகும் வழிகள் மூன்று. தோலிலுள்ள காயம் ஒன்று. மழையும் காற்றும் எழுப்பும் நுண்துளிகளையும் தூசியையும் மூச்சோடு இழுத்தல் மற்றொன்று. மூன்றாவது வழி வாய். முதலிரண்டு வழிகளும் பலரால் ஏற்றுக்கொள்ளப்பட்டவை. வாய்வழி மட்டும் நெடுநாள் ஐயத்திற்கிடமாய் இருந்தது. அவ்வையத்தை நீக்கியவை விலங்காய்வுகளே.

விலங்குகளைக் கொண்டு ஆராய்தல் ஏன்?

காய்ச்சலோடு வைத்தியசாலைக்கு வரும் கமக்காரர் ஒருவரைக் கருதுவோம். அவர் காலில் வெட்டுக்காயம் உண்டு, மழையிலும் நனைந்திருக்கிறார், கிணற்று நீரும் குடித்திருக்கிறார். கிருமி எவ்வழியாற் புகுந்தது, எந்நாளிற் புகுந்தது, எவ்வளவு புகுந்தது என்பவற்றை எவராலும் கூற முடியாது.

ஆய்வுக்கூடத்திலோ இவை யாவும் ஆய்வாளரின் கட்டுப்பாட்டில் உள்ளன. ஒரே வம்சத்திற் பிறந்து, ஒரே தீனியுண்டு, ஒரே வயதிலுள்ள சுண்டெலிகள் தெரிந்தெடுக்கப்படுகின்றன. குறித்த நாளிற் குறித்த அளவு கிருமி வாய்வழியாக மட்டும் கொடுக்கப்படுகிறது. பின்பு அவற்றின் எச்சம் நாள்தோறும் சோதிக்கப்படுகிறது. குறித்த தவணைகளில் இரைப்பை, குடல், ஈரல், மண்ணீரல், நுரையீரல் ஆகியவற்றிற் கிருமி எவ்வளவு உண்டென எண்ணப்படுகிறது. புதிய நெல்லினத்தைப் பரிசோதிக்கும்போது, ஒரே மண், ஒரே நீர், ஒரே பசளை இட்டு இனத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பதை நீங்கள் அறிவீர்கள். இதுவும் அதனை ஒத்ததே.

எல்லா ஆய்வுக்கும் எலி வேண்டுவதில்லை. மண்ணில் வாழும் ஒரு மில்லிமீற்றர் நீளமான வட்டப்புழு ஒன்றுண்டு. மிளகாய், தக்காளி ஆகியவற்றின் வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் வட்டப்புழுவுக்கு இஃது உறவுடையது. எனினும் இது பயிரைத் தொடாது, பற்றீரியாக்களையே உணவாகக் கொள்ளும். இதன் உடல் கண்ணாடி போன்றதாகையால், விழுங்கப்பட்ட கிருமி குடலில் தங்குவதை உருப்பெருக்கியினூடாக நேரிற் காணலாம். மண்கிருமியை இரையாகப் பெற்ற இப்புழுக்கள் நலிந்து மடிந்தன என்பது 2001, 2002 ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளால் தெரியவந்தது.

கோலாலம்பூர் தரும் படிப்பினை

விலங்காய்வு உண்மையைக் காட்டும்; கவனமின்றி வாசித்தால் வழிதவறவும் செய்யும். இதற்குத் தக்க சான்று மலாயாவிலே கிடைக்கிறது. யாழ்ப்பாணத்தவர் பலர் உத்தியோகம் பார்த்த நாடாகையால் அதன் பெயர் எம்மவருக்குப் புதியதன்று.

1913 ஆம் ஆண்டு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்பட்ட கினியாப் பன்றிகளும் முயல்களும் ஒரு கொள்ளைநோயால் மடிந்தன. அங்கு பணியாற்றிய வில்லியம் பிளெச்சர், அம்புறோஸ் ஸ்ரான்ரன் ஆகியோர் இதனை ஆராய்ந்து, இரங்கூனிற் கண்ட கிருமியே இதற்குக் காரணமென நிறுவினர். 1917 ஆம் ஆண்டில் இறப்பர்ப் பால் வெட்டும் தமிழ்த் தொழிலாளர் ஒருவரின் உடலிலும் இக்கிருமி காணப்பட்டது. மெலியோயிடோசிஸ் என்னும் பெயரை இவ்விருவரும் 1921 ஆம் ஆண்டு சூட்டினர்.

கிருமி கலந்த உணவை உண்ட விலங்குகள் நோயுறுவதை அக்கால ஆய்வாளர் கண்டனர். வாய்வழியாகவும் நோய் புகும் என்பதற்கு இது முதற் சான்றாயிற்று. ஆனால் எலியினங்களில் இந்நோயைக் கண்டமையால், எலியே இக்கிருமியின் இருப்பிடம் என்றும், எலியின் எச்சம் கலந்த உணவாலேயே மனிதருக்கு நோய் வருகிறதென்றும் பலர் கருதினர். அக்கருத்து பல ஆண்டுகள் நிலவியது. 1955 ஆம் ஆண்டு இந்தோசீனாவில் ஷம்போன் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் இக்கிருமியை வளர்த்தெடுத்தார். பின்னர் மலாயாவிலும் பிறநாடுகளிலும் நடைபெற்ற ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தின. எலியும் மனிதரைப் போலவே மண்ணிலிருந்து நோயைப் பெற்றது. கிருமியின் வீடு மண்ணே.

ஆகவே எலியை ஒழித்தால் இந்நோய் ஒழியுமென்று எண்ணுதல் தவறாகும். எலிக்காய்ச்சல் இதனின் வேறானது. அதற்கு எலி முதலிய விலங்குகளின் சிறுநீரே காரணம். 2024 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உயிர்களைப் பலிகொண்டது எலிக்காய்ச்சலேயாகும். இவ்விரு நோய்களும் மழைக்காலத்தில் வயலில் இறங்குவோரைப் பற்றுவதாற் குழப்பம் நேர்கிறது.

சுண்டெலியின் இரைப்பையில் ஒளிந்திருந்த கிருமி

மண்கிருமி நோயின் விந்தைகளுள் ஒன்று, அது நெடுங்காலம் உடலில் மறைந்திருத்தலாகும். இரண்டாம் உலகப்போரின்போது யப்பானியரின் கைதியாயிருந்த ஒருவருக்கு, 62 ஆண்டுகளுக்குப் பின்னர் இந்நோய் வெளிப்பட்டதாக 2005 ஆம் ஆண்டு மருத்துவ இதழொன்றிற் பதிவாகியுள்ளது. இவ்வளவு காலமும் கிருமி உடலில் எங்கே ஒளிந்திருக்கிறது?

இவ்வினாவுக்கு விடைகாண அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்குச் சிறிதளவு கிருமியைக் கொடுத்து 60 நாட்கள் அவதானித்தனர். 2012 ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வின் முடிபுகள் கருதற்பாலன.

முதலாவதாக, 60 நாட்களிலும் தவறாது கிருமி காணப்பட்ட இடம் உணவுக்கால்வாயே. பிற உறுப்புகளில் அது எல்லா வேளையிலும் தவறாது அகப்பட்டதென்றில்லை. இரண்டாவதாக, உணவுக்கால்வாயினுள்ளும் அது தலையாய இருப்பிடமாகக் கொண்டது இரைப்பையை. புளிப்பான அமிலம் சுரக்கும் இரைப்பையிற் கிருமி வாழாதென்று நாம் எண்ணுவோம். இக்கிருமியோ இரைப்பையின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தது. மூன்றாவதாக, எலிகளின் எச்சத்தோடு சிறிது சிறிதாகக் கிருமி தொடர்ந்து வெளியேறியது. நான்காவதாக, குடற்பாதையிலிருந்து அது உடலின் பிற உறுப்புகளுக்கும் பரவியது.

இதனைக் கமக்காரர் தம் அனுபவத்தோடு ஒப்பிட்டுக் காணலாம். கோரைப்புல்லை மேலாகச் செருக்கினால் தரை சுத்தமானதுபோலத் தோன்றும். மண்ணுள் இருக்கும் கிழங்கு மழை கண்டதும் மீண்டும் முளைக்கும். இக்கிருமியும் அத்தன்மையதே. இந்நோய்க்குரிய மருந்தைக் காய்ச்சல் தணிந்த பின்னரும் மாதக்கணக்கில் உட்கொள்ள வேண்டுமென வைத்தியர் வற்புறுத்துவது இதனாலேயே.

குடலின் காவலர்

மண்கிருமியை விழுங்கிய யாவரும் நோயுறுவதில்லை. அதற்கு ஒரு காரணம், எமது குடலில் ஏற்கெனவே கோடானுகோடி நன்மை தரும் பற்றீரியாக்கள் குடியிருத்தலாகும். பயிர் நெருங்கி வளர்ந்த பாத்தியிற் களை முளைக்க இடமில்லாததுபோல, குடலில் இவை நிறைந்திருக்கையிற் புதிதாக வரும் கிருமிக்கு இடமும் உணவும் அரிதாகின்றன.

இதனை விளக்கும் பழைய ஆய்வொன்று சிக்காகோ நகரில் நடைபெற்று 1954 ஆம் ஆண்டு வெளியாயிற்று. வயிற்றோட்டத்தை விளைவிக்கும் சல்மொனெல்லாக் கிருமி வாய்வழியாகச் சுண்டெலிகளுக்குக் கொடுக்கப்பட்டது. சாதாரண எலியை நோய்ப்படுத்த ஏறத்தாழ ஓரிலட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. ஸ்திரெப்ரோமைசின் என்னும் மருந்தை முன்னரே பெற்ற எலிகளுக்குப் பத்துக்கும் குறைந்த கிருமிகளே போதியனவாயின. மருந்து நல்ல பற்றீரியாக்களை அழித்துக் குடலைக் காவலற்றதாக்கியமையே இதன் காரணமாகும்.

2014 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கியது. பிறப்பிலிருந்தே கிருமியெதுவும் அணுகாவண்ணம் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்கு, மண் முதலிய பல இடங்களிலிருந்து எடுத்த பற்றீரியாக் கூட்டங்கள் ஊட்டப்பட்டன. வெறுமையான அக்குடல்களில் மண்ணின் பற்றீரியாக்கள் பலவும் குடியேறின. பின்பு அந்த எலிகளைச் சாதாரண எலிகளோடு ஒரே கூட்டில் விட்டபோது, எலிக்குடலுக்கே இயல்பான பற்றீரியாக்கள் பரவி மேலோங்கின. எனினும் வெளியிலிருந்து வந்தவற்றுட் சில நிலைத்தும் இருந்தன. குடலின் காவல் வலியது. ஆயினும் கடக்கமுடியாத மதிலன்று.

இவ்விரு ஆய்வுகளாலும் கமக்காரர் அறியவேண்டியது ஒன்றுண்டு. சிறு காய்ச்சலுக்கும் தடிமனுக்கும் வைத்தியரைக் கேளாது பற்றீரியாக் கொல்லி மருந்துகளை வாங்கி விழுங்குவது, வேலியைப் பிடுங்கிவிட்டு மாடு புகுந்ததென்று முறையிடுவதற்கு ஒப்பாகும்.

விலங்காய்வின் எல்லை

சுண்டெலி மனிதரன்று. அதன் உணவு வேறு. இரைப்பையின் அமைப்பும் வேறு. தன் எச்சத்தையே மீண்டும் உண்ணும் வழக்கமும் அதற்குண்டு. ஆய்வுக்கூடச் சுண்டெலிகளுள்ளும் ஒரு வம்சம் இந்நோய்க்கு எளிதில் இரையாக, மற்றொரு வம்சம் எதிர்த்து நிற்கிறது. ஆகவே விலங்காய்வு எது நிகழக்கூடும் என்பதைக் கூறும். அஃது ஊரில் எத்துணை அடிக்கடி நிகழ்கிறது என்பதைக் கூறாது. அதனை அறிய மக்களிடையேதான் ஆராய வேண்டும்.

அவ்வாறான ஆய்வொன்று நெற்செய்கை மிகுந்த வடகீழ்த் தாய்லாந்தின் உபோன் ராச்சத்தானி மாகாணத்தில் நடைபெற்று 2013 ஆம் ஆண்டு வெளியாயிற்று. இந்நோய்க்கு ஆளான 286 பேரின் அன்றாடப் பழக்கங்கள், அந்நோயற்ற பிறரின் பழக்கங்களோடு ஒப்பிடப்பட்டன. வயலில் வேலை செய்தல், வெறுங்காலுடன் நடத்தல், மழையில் நனைதல் ஆகியவற்றோடு, மண் அல்லது தூசி படிந்த உணவை உண்ணுதலும் சுத்திகரியாத நீரைப் பருகுதலும் நோயோடு தொடர்புடையனவாகக் காணப்பட்டன. சுண்டெலியிடத்துக் கண்ட வாய்வழி, மனிதர் வாழ்விலும் உண்மையென இவ்வாய்வு காட்டியது. கூட்டில் கண்டதும் ஊரில் கண்டதும் ஒத்துப்போகையில் அறிவுரையை நாம் துணிந்து ஏற்கலாம்.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

மண்ணிலிருந்து இக்கிருமியை ஒழிக்கும் மருந்து எதுவுமில்லை. பூச்சிகொல்லியோ களைகொல்லியோ தெளிப்பதாற் பயனில்லை. பணமும் மண்ணும் கெடும். மனிதருக்கு இடத்தக்க தடுப்பூசியும் இதுவரை வழக்கிற்கு வரவில்லை. ஆகவே பழக்கவழக்கங்களே எமக்குக் காப்பாகும்.

1. குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பருகுக. குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கல்லிடையே ஊறும் நீரைக் கொண்டவை. மேற்பரப்பு நீர் அக்கல்லின் வெடிப்புகளினூடாக எளிதில் இறங்கிக் கிணற்றைச் சேர்கிறது. நீர் தெளிவாயும் சுவையாயும் இருப்பது சுத்தத்திற்குச் சான்றன்று. தோட்டத்திற்குச் செல்கையில் வீட்டிலிருந்தே கொதித்தாறிய நீரைப் போத்தலிற் கொண்டுசெல்க.

2. வெள்ளம் கிணற்றுட் புகுந்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரீன் இட்ட பின்னரே அந்நீரைப் பயன்படுத்துக. கிணற்றுக்குக் கட்டு அமைத்து, சுற்றிலும் சீமெந்துத் தளமிட்டு, அழுக்கு நீர் மீளவும் கிணற்றுட் செல்லாது தடுத்தல் நன்று.

3. பச்சையாக உண்ணும் மரக்கறிகளில் மிகுந்த கவனம் வேண்டும். சம்பலுக்குரிய வல்லாரை ஈரமண்ணிற் படர்ந்து வளர்வது. அதன் தண்டிலும் இலையடியிலும் மண் ஒட்டியிருக்கும். அதனை ஒவ்வோர் இலையாகக் கழுவி, இறுதியிற் கொதித்தாறிய நீரில் அலசுக. தக்காளி, வெங்காயம், கரட் ஆகியவற்றையும் கழுவாது கடித்துண்ணலாகாது.

4. சந்தைக்குக் கொண்டுசெல்லும் மரக்கறிகளை வாய்க்காலிலோ தேங்கிய குட்டையிலோ அலசாதீர். அவ்வாறு அலசுதல் கண்ணுக்குத் தெரியும் மண்ணை நீக்கிக் கண்ணுக்குத் தெரியாத கிருமியைச் சேர்ப்பதாகும். உண்பவர் உங்கள் அயலவரே என்பதை மறவாதீர்.

5. உணவுக்கு முன்னர் சவர்க்காரமிட்டுக் கை கழுவுக. நகவிடுக்கில் மண் தங்கவிடலாகாது.

6. வயலில் இறங்குகையில் முழங்கால்வரையான இறப்பர்ச் சப்பாத்து அணிக. சேற்றில் அது புதையுமென்றும், வெயிலில் வேகுமென்றும் கமக்காரர் கூறுவதை நாம் அறிவோம். தாய்லாந்துக் கமக்காரரும் அதனையே கூறினர். நடுகையின்போது இயலாவிடினும், வரம்பு கட்டல், வாய்க்கால் துப்புரவாக்கல், பசளை இடல் ஆகிய வேலைகளின்போதாயினும் அதனை அணியலாம். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் குளிக்க வேண்டும்.

7. கையிலோ காலிலோ புண் இருப்பின், நீர் புகாத உறையால் மூடாது சேற்றில் இறங்காதீர். நீரிழிவுள்ளோர் தம் பாதங்களை நாள்தோறும் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். உணர்ச்சி குன்றிய பாதத்திற் காயம் ஏற்பட்டதே தெரியாதிருக்கலாம்.

8. ஆடுகளை இந்நோய் எளிதில் தாக்கும். மடி வீங்கிய, உடலிற் சீழ்க்கட்டியுள்ள ஆட்டின் பாலைக் குடிக்கலாகாது. இறைச்சிக்கு வெட்டவும் கூடாது. கால்நடை வைத்தியருக்கு அறிவிக்க. நலமான ஆட்டின் பாலையும் காய்ச்சியே பருகுக.

9. பற்றீரியாக் கொல்லி மருந்துகளை வைத்தியரின் கட்டளையின்றி உட்கொள்ளாதீர். எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாகச் சுகாதாரப் பகுதியினர் தரும் வில்லைகளை அவர்கள் கூறியவாறு உட்கொள்க. ஆனால் அவ்வில்லைகள் மண்கிருமி நோய்க்கும் காப்பளிக்குமென நம்பி ஏனைய கவனங்களைக் கைவிடலாகாது.

காய்ச்சல் கண்டால்

மழைக்காலத்தில் மண்வேலை செய்தவருக்கு, சிறப்பாக நீரிழிவு உள்ளவருக்கு, காய்ச்சல் இரண்டு மூன்று நாட்களில் தணியாவிடின் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கடுங்காய்ச்சலோ மூச்சுவாங்கலோ கண்டால் ஒரு நாளும் பொறுத்திருத்தல் கூடாது. அங்கே வைத்தியர் கேட்கும்வரை காத்திராது, “நான் வயலில் வேலை செய்பவன், எனக்குச் சலரோகம் உண்டு, கிணற்று நீரைக் காய்ச்சாமற் குடித்தேன்” என்று நீங்களே கூறுங்கள். இவ்வொரு வாக்கியம் வைத்தியரின் எண்ணத்தைச் சரியான திசையிற் செலுத்தும். இரத்தத்தையும் சீழையும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினாலே இக்கிருமி அகப்படும்.

இவ்வாறு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பெனிசிலின், ஜென்ரமைசின் முதலிய வழக்கமான மருந்துகளுக்கு இக்கிருமி அடங்குவதில்லை. உரிய மருந்து கிடைத்தாலோ நிலைமை பெரிதும் மாறுகிறது. உபோன் ராச்சத்தானி வைத்தியசாலையில் நடைபெற்று 1989 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், கடுமையாக நோயுற்றோருக்குச் செப்ரசிடிம் என்னும் மருந்து ஊசி மூலம் கொடுக்கப்பட்டபோது, நூற்றுக்கு 74 ஆயிருந்த இறப்பு 37 ஆகக் குறைந்தது. ஊசி மருந்து முடிந்த பின்னர் குறைந்தது மூன்று மாதங்களுக்கு வில்லைகள் கொடுக்கப்படும். இரண்டு வாரத்தில் உடல் தேறியதென்று கருதி வில்லைகளை நிறுத்தியோரிடம் நோய் மீண்டு வருவதுண்டு. சுண்டெலியின் இரைப்பையிற் கிருமி 60 நாட்களும் ஒளிந்திருந்ததை இவ்விடத்து நினைவுகூர்க.

முடிவுரை

மண்ணை அஞ்சி உழவைக் கைவிடுதல் ஆகாது. எம்மையும் எம் மக்களையும் ஊட்டுவது அந்த மண்ணே. கிருமியின் இயல்பை அறிந்து அதற்கேற்ப நடப்பதே அறிவுடைமை. நீரைக் கொதிக்கவைக்க ஒரு கட்டு விறகும், கை கழுவ ஒரு துண்டு சவர்க்காரமும், பாதத்தைப் பார்க்க இரண்டு நிமிடமும் போதும். கதிர் முற்றி வருகையில், அதனை அறுக்க வேண்டியவர் வைத்தியசாலைக் கட்டிலிற் கிடத்தலாகாது. வரும் மாரிக்கு விதைநெல்லைத் தேடும்போதே இறப்பர்ச் சப்பாத்தையும் தேடி வைத்துக்கொள்க.

நீர், கிணறு ஆகியவை பற்றிய ஐயங்களைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும், பயிர்ச்செய்கை பற்றியவற்றை விவசாயப் போதனாசிரியரிடமும் கேட்டுத் தெளிக. இப்பிரசுரத்தை வாசித்தபின் வாசிக்க இயலாத அயலவருக்கு வாசித்துக் காட்டுமாறு வேண்டிக்கொள்கின்றோம்.